சின்னராசாவின் பறவைக் காவடி

நெட்டக்கல்லுத் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, அன்று விடியற்காலையில் முதலில் இருமியது, பிறகு கரகரத்தது, அதன் பின்னரே பாடத் தொடங்கியது. ஓராண்டுக் காலம் பூசாரி வீரய்யாவின் வீட்டுப் பரணில் தூசி தின்று கிடந்த அக்கருவி பாடியதும், பள்ளத்துத் தொழிலாளர் குடியிருப்பான பணிய லயத்தின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பனிமூட்டம் தேயிலை மலையின் இடுப்புவரை இறங்கி நின்றது. அதனூடே யாரோ ஒருவர் தப்பின் தோலைத் தீயில் காட்டி, 'டண்' என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அந்த ஒரு தட்டே போதுமானதாயிற்று. லயம் துள்ளி எழுந்துவிட்டது.

அதன் நடுக் காம்பரா அறையில் சின்னராசா அதற்கும் முன்னரே எழுந்து, கட்டிலில் சம்மணமிட்டு அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"பூரணி, கேட்டியா? தோலு இன்னும் சரியா காயல. இன்னொரு சூடு காட்டணும்."

"கேட்டேங்க. மொதல்ல மாஸ்க்கப் போடுங்க. கதவத் தொறக்கப் போறேன்."

"பசிக்குது புள்ள."

"இப்பதானே ரெண்டு ரொட்டி தின்னீங்க?"

"அது ராத்திரிப் பசிக்கு. இது காலப் பசி."

பூரணி சிரித்துக்கொண்டே மாவுச் சட்டியை எடுத்தாள். அப்பசி அவனுடையதன்று, மாத்திரையினுடையது என்பதை அவள் அறிவாள். ஐப்பசி மழையில் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில், பூரணியின் இடப்பக்கத்துச் சிறுநீரகம் சின்னராசாவின் அடிவயிற்றுக்குக் குடிபெயர்ந்தது. வந்த இடத்தை அது தன்னிடமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தரப்பட்ட மாத்திரைகள், அவனுக்கு ஓயாத பசியையும், உறக்கமின்மையையும், காரணம் சொல்ல இயலாத ஓர் உற்சாகத்தையும் சேர்த்தே தந்தன. கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிச் சாய்த்த காலத்தில் ஒட்டியிருந்த அவன் கன்னங்கள், இப்பொழுது நிலவைப் போல் உருண்டு நின்றன.

லயத்தின் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை எழுவதில்லை. ஒருவர் வீட்டு அடுப்புப் புகை மற்றவர் வீட்டுக் கண்ணைக் கரிக்கும். ஒருவர் இருமினால் அடுத்தவர் விழிப்பார். சின்னராசா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புமுன், பூரணி தன் இடுப்புத் தையலைப் பிடித்துக்கொண்டே நின்று, அச்சுவர்களுக்குமேல் நீலப் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரைவரை அறையச் செய்தாள். தண்ணீர் கொதித்து ஆறிய பின்னரே அவன் வாய்க்குச் சென்றது. தேங்காய்ச் சம்பலைப் பச்சையாக உண்ணலாகாது என்பதனால், துருவலை வாணலியில் வறுத்து, 'சிவப்புச் சம்பல்' என்று அதற்குப் புதுப் பெயரும் இட்டிருந்தாள்.

விரிப்புக்கு அப்பாலிருந்து அடுத்த காம்பரா அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது.

"என்னாடி பூரணி, ஒன் வீட்டுத் தொர எந்திரிச்சிட்டாரா?"

"எந்திரிச்சு ரொட்டியும் கேட்டாச்சுக்கா."

"கேக்காம என்னா செய்வாரு? கவ்வாத்து வெட்டுன மலையாட்டம் குச்சியா கெடந்த மனுஷன், இப்பத்தான் கொழுந்து விட்டுருக்காரு. ஏம் ராசா, ஒம் மூஞ்சப் பாத்தா தோட்டத்துப் பெரிய தொரைக்கே பயம் வருமாம். தனக்குப் பதிலா ஒன்னய அனுப்பிட்டாங்களோன்னு!"

"நான் தொரயானா மொதல்ல ஒன் வாய்க்குத்தான் கவ்வாத்து அக்கா!" என்று சின்னராசா மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினான்.

"வெட்டுய்யா, வெட்டு. நாலு நாள்ல திரும்பத் தழைச்சிரும்."

மூவரும் சிரித்தனர். எனினும், ஒலிபெருக்கியின் பாட்டு ஏற ஏறப் பூரணியின் நெஞ்சில் ஒரு கல்லும் ஏறிக்கொண்டே வந்தது. அக்கல்லை அங்கே வைத்தவளும் அவளே.

கண்டிக்குப் புறப்பட்ட அன்று, கூடி நின்ற லயத்துப் பெண்கள் எல்லோரும் கேட்க, கோயில் வாசலில் கற்பூரத்தை ஏற்றிக் கையிலேயே எரியவிட்டு அவள் நேர்ந்துகொண்டாள்: "ஆத்தா, எம் புருஷன எனக்கு உசுரோட திருப்பிக் குடு. வாற திருவிழாவுல அவர முள்ளு குத்திப் பறவைக் காவடியில பறக்க விடுறேன்!" முதுகுத் தோலிலும் கால் தசையிலும் முள் கொக்கிகளைக் குத்தி, டிரக்டரில் ஏற்றி இறக்கும்படி நாட்டிய கம்பத்திலிருந்து மனிதனைக் குப்புறத் தொங்கவிட்டு, ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை கொண்டுவருவதே பறவைக் காவடி. அத்தோட்டத்தில் அதனினும் பெரிய நேர்த்திக்கடன் கிடையாது. பெரியதைக் கேட்கிறவள் பெரியதைத் தரவேண்டும் என்று அன்றைக்கு அவள் எண்ணினாள். தந்தது தன் உடம்பையன்று, கணவனின் உடம்பை என்பது, அறுவை முடிந்து அவனை வீட்டுக்கு அனுப்பிய நாளில்தான் அவளுக்கு உறைத்தது. அன்று நேர்ஸ் அம்மையார் விரலை ஆட்டி ஆட்டிச் சிங்களத்தில் சொன்னார்: "தூவால கரகன்ன எப்பா!" உடம்பில் காயம் பட விடாதே என்பது அதன் பொருள். நோயை எதிர்க்கும் வலிமையை மாத்திரைகள் அடக்கி வைத்திருக்கின்றன. ஒரு சிறு கீறல் வழியாக நுழையும் கிருமியும் சிறுநீரகத்தையும் கொல்லும், ஆளையும் கொல்லும் என்று மருத்துவரும் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்கினார். சனக்கூட்டத்திற்குள்ளும் செல்லலாகாது என்றார்.

ஒலிபெருக்கி பாடத் தொடங்கிய அன்று மாலை, அதாவது கொடியேற்றத்துக்கு முதல்நாள், கோயில் தலைவர் செல்லசாமி வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குள் வரவேண்டாம் என்று பூரணி சைகை காட்டியதனால், வடிகால் கானின் ஓரத்துக் கல்லில் நின்றவாறே பேசினார்.

"சின்னராசா, டிரக்டர் சொல்லியாச்சு. விஜிதரன்தான் ஓட்டுறான். கம்பமும் வெட்டியாச்சு. நாளைக்குக் காப்புக் கட்டணும். நீ வாறியா இல்லியான்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வாறேன் தலைவரே! கேக்கவே வேணாம்."

"அவரு வரமாட்டாருங்க" என்றாள் பூரணி.

செல்லசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாம்மா இது? நேர்ந்தது நீ. தோட்டமே கேட்டுச்சு. இப்ப நீயே வேணாங்கிற."

"டொக்டரு காயம் படக் கூடாதுன்னுட்டாரு மாமா."

"டொக்டரு சரியாத்தான் சொல்லுவாரு. நான் இல்லேங்கல. ஆனா இது ஆத்தா விசயம். என் வாயால செய்யுன்னும் சொல்ல மாட்டேன், செய்யாதேன்னும் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவச் சொல்லுங்க. டிரக்டர நான் வேற ஆளுக்குக் குடுக்கல."

அவர் தலை மறைந்ததும் பூரணி திரும்பினாள்.

"ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? என்னா பேச்சு இது, வாறேன் வாறேன்னு?"

"நான் நல்லாருக்கேன் புள்ள. இங்க பாரு." அவன் கைகளை விரித்துக் காட்டினான். "இந்த மலைய ரெண்டு தரம் ஏறி எறங்குவேன். எல்லாரும் என்னயக் கண்ணாடிப் போத்தல் மாதிரிப் பாக்குறாங்க. ஒரு நாளைக்கு நானும் ஆம்பளயா நின்னுட்டுப் போறேனே."

"நின்னுட்டு? பொறகு படுத்துட்டா?"

"படுக்க மாட்டேன்."

"மாத்திர பேசுது. நீங்க பேசல."

சின்னராசா விரித்த கைகளை இறக்கினான். பின்னர்த் தணிந்த குரலில் சொன்னான்: "மாத்திர பேசட்டும். நான் ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லு. நேர்ந்தது யாரு?"

"நான்தான்."

"செய்யாம விட்டா ஆத்தா யாரக் கேப்பா?"

பூரணி அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு வந்து அவனருகே அமர்ந்தாள்.

"ஒன்னயத்தான் கேப்பா. ஒனக்கு இருக்கிறது இப்ப ஒன்னே ஒன்னு. அதுலயும் அவ கைய வெச்சிட்டா? நான் இங்க ஒன் கிட்னிய வெச்சுக்கிட்டு, ரொட்டி தின்னுக்கிட்டு, ஒன்னயக் கண்டிக்குத் தூக்கிட்டுப் போறதா? அது மட்டும் என்னால ஆகாது பூரணி."

அவனுடைய உற்சாகத்திற்கு அடியில் இத்தகைய அச்சமொன்று கிடந்ததை அவள் அன்றுதான் கண்டாள். அடுப்பில் ரொட்டி கருகியது. இருவருமே எழவில்லை.

பூக்கேட்பதென்று முடிவாயிற்று. சிவந்த பூவொன்றும் வெள்ளைப் பூவொன்றும் தனித்தனி வாழையிலையில் பொதியப்பட்டு, அம்மன் காலடியில் இடப்படும். சிறுமியொருத்தி ஒரு பொட்டலத்தை எடுப்பாள். வெள்ளை வந்தால் காவடி வேண்டாம். சிவப்பு வந்தால் செய்தாக வேண்டும். பூசாரி வீரய்யா அவ்வாறே அறிவித்தார். பூரணி வெள்ளையே வரும் என்று முழுமையாக நம்பினாள். ஆத்தாவும் ஒரு பெண்தானே என்பது அவளுடைய கணக்கு.

கொடியேறிய பின்னர், பெண்கள் கோயிலைச் சூழ்ந்து நின்றனர். சின்னராசா கூட்டத்திலிருந்து விலகி, மேட்டிலிருந்த கொய்யா மரத்தடியில் மாஸ்க்குடன் நின்றான். சிறுமி பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி அதனைப் பிரித்தார்.

செவ்வரளி.

குலவை ஒலி மலையில் மோதித் திரும்பியது. தப்பு அதிர்ந்தது. மேட்டில் சின்னராசா இரண்டு கைகளையும் உயர்த்திக் குதித்தான். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! ஆத்தா குடுத்துட்டா!" என்று அவன் கத்தியது குலவையையும் மீறிக் கேட்டது. பூசாரி மேடேறிச் சென்று, கையை நீட்டி, எட்ட நின்றே அவனுக்குக் காப்புக் கட்டினார். பூரணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

மறுநாள் கொழுந்து மலையிலும் அவள் அப்படித்தான் நின்றாள். இளவெயில் அடித்தது. திருவிழா வாரமாகையால் பெண்களின் வாய்க்கு ஓய்வில்லை. யார் எந்தச் சேலை, யாருடைய மகள் கொழும்பிலிருந்து வருகிறாள், யார் பால்குடம் என்று நிரை நிரையாகப் பேச்சு ஓடியது. பூரணி பாரம் சுமக்கக்கூடாது என்பதனால், அவள் கூடை பாதி நிறைந்ததுமே அம்மாக்கண்ணு அதனைப் பிடுங்கித் தன் கூடையில் கவிழ்த்துக்கொண்டாள். நிறுக்கும் இடத்தில் இருவரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

"ஏய், அந்த நெரயில வாய் வேல செய்யுதா, கை வேல செய்யுதா?" என்று கங்காணி மேலேயிருந்து கத்தினார்.

"ரெண்டும் செய்யுது! ஒங்களுக்குத்தான் ரெண்டும் ஓடல!" என்று கத்திவிட்டு, அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்தினாள். "ஏன்டி, எந்தச் செடிய வெறிச்சுப் பாக்குற? அதுல கொழுந்தே இல்ல. முத்தல எல."

"சிவப்பு வந்திருச்சேக்கா."

"வந்திருச்சு. இனி என்னா செய்யப் போற?"

"தெரியல. ஆத்தாகிட்டக் கேட்டது நான். அவ பதிலும் சொல்லிட்டா. இனிப் பூட்டு போட்டா அவர வீட்டுக்குள்ள வெக்கிறது?"

"கேட்டா மட்டும் போதாதுடி. மறுபடி பேசணும். நான் கங்காணிகிட்டப் பேசுற மாதிரி. அவரு ஒன்னு சொன்னாரு, நான் விட்டுட்டனா?"

"ஆத்தாவும் கங்காணியும் ஒன்னா?"

"ஆத்தா கொஞ்சம் நல்லவ" என்றாள் அம்மாக்கண்ணு, கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே.

திருவிழாவுக்கு முந்திய மாலை நல்ல மழை பெய்து ஓய்ந்தது. காவடி எடுக்கிறவனின் முதுகைத் திருநீறிட்டுத் தேய்த்துத் தோலை இளக்க வேண்டும்; நேர்ந்தவள்தான் அதனைச் செய்ய வேண்டும். மறுநாள் ஆற்றங்கரையில் முதல் முள்ளைத் தட்டிலிருந்து எடுத்துப் பூசாரியின் கையில் கொடுப்பதும் அவளே. அவள் கொடுத்தால்தான் அவர் குத்துவார். இது அத்தோட்டத்துக் கட்டு.

சின்னராசா கட்டிலில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தான். பூரணி சவர்க்காரமிட்டுக் கை கழுவித் திருநீற்றைத் தேய்த்தாள்.

"நல்லா அமுக்கித் தேய் புள்ள. நீ என்னா ரொட்டிக்கு மாவு தடவுற மாதிரித் தடவுற?"

"ஒங்களுக்கு ரொட்டி நெனப்புத்தான்."

"விரதம்னு சொல்லிட்டு நீயே நாலு வேள சோறு போடுற. ஆத்தா சிரிக்கப் போறா."

"மாத்திரைக்குச் சோறு வேணும். சிரிச்சாச் சிரிக்கட்டும்."

அவன் திரும்பிப் படுத்தபோது இடுப்புச் சாரம் சற்று நழுவியது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில், ஒரு சாணுக்குக் குறையாத தழும்பு, பிறை போல் வளைந்து மின்னியது. அதன்கீழே தோல் மெல்ல மேடிட்டிருந்தது. அங்கேதான் அவளுடையது இருந்தது. பூரணியின் கை அந்த இடத்திற்கு மேலே வந்து, தொடாமல் நின்றது. தன்னையறியாமல் அவளது மற்றைய கை தன் இடுப்பைத் தேடிச் சென்று, அங்கேயும் அதே நீளத்தில் கிடந்த தழும்பைத் தடவியது.

"என்னா புள்ள, கை நின்னு போச்சு?"

"ஒன்னுமில்லீங்க" என்றாள். ஆனால் அவள் முகம் அடுப்பில் ஊதிவிட்ட தணலைப் போலப் பிரகாசமாகியிருந்தது. "நாளைக்கு நான் சொல்ற எடத்துலதான் நிக்கணும். நான் சொல்ற வரைக்கும் முதுகக் குடுக்கக் கூடாது. சரியா?"

"நீதானே முள்ளு எடுத்துக் குடுக்கணும். நீ சொல்லாம எப்படி?"

"அதான் சொல்றேன். நான் சொல்லணும்."

திருவிழாவன்று காலையில் வெயில் பளீரென்று அடித்தது. மழையில் குளித்த மலை, பச்சையைப் புதிதாகப் பூசிக்கொண்டதுபோல் நின்றது. ஆற்றங்கரையில் கரகமும், பால்குடமும், மயில் இறகு சூடிய காவடிகளும் நிரம்பின. தப்பும் உறுமியும் ஒன்றையொன்று துரத்தின. வேப்பிலை கட்டிய டிரக்டர் உறுமிக்கொண்டே காத்திருந்தது. அதன்மேல் நாட்டிய கம்பத்திலிருந்து கயிறுகள் தொங்கின. விஜிதரன் ஓட்டுநர் இருக்கையில் மாலை போட்டுக்கொண்டு, தானே மாப்பிள்ளை என்பதுபோல் அமர்ந்திருந்தான்.

சின்னராசா ஆற்றில் மூழ்கவில்லை. கொதித்து ஆறிய நீரில் வீட்டிலேயே குளித்து, மஞ்சள் வேட்டியும், மாஸ்க்கும், வெற்று மார்புமாக வந்தான். அவனுக்கு முன்னால் பூரணி விரித்த குடையைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு வழி செய்தாள். அவள் தோளில் வெந்நீர்ப் போத்தலும் மாத்திரைப் பையும் தொங்கின.

"தள்ளுங்க, தள்ளுங்க! இருமுறவங்கல்லாம் அந்தப் பக்கம்! யாரும் தொடக் கூடாது!"

"தும்மலாமா?" என்றான் ஒருவன்.

"தும்மு. ஆத்துல போயி தும்மு!"

சிரிப்பெழுந்தது. கூட்டம் தானாகவே விலகி ஒரு வட்டத்தை விட்டது. நடுவில் பூசாரி வீரய்யா நின்றார். செம்புத் தட்டில், எலுமிச்சம்பழத்தில் செருகப்பட்ட முட்கள் வரிசையாக மின்னின.

"அம்மா பூரணி, நேர்ந்தவ நீ. மொத முள்ள எடுத்துக் குடு."

தப்பு நின்றது. அவள் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். ஆனால் முள்ளை எடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பூசாரி, ஆத்தா சிவப்புப் பூ குடுத்தா. நான் இல்லேன்னு சொல்ல வரல. அவ கேட்டது கேட்டதுதான்."

"அப்புறம் என்னாம்மா?"

"அவ கேட்டத நான் எப்பவோ குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வேட்டிய ஒரு விரக்கட எறக்குங்க."

"இத்தன பேரு முன்னாலயா?" என்றான் சின்னராசா.

"முதுகக் காட்ட வெக்கமில்ல, இதுக்கு வெக்கமா? எறக்குங்க."

அவன் இறக்கினான். தழும்பு வெயிலில் தெரிந்தது. முன்னால் நின்ற பெண்கள், "அம்மாடி!" என்று ஒரே குரலில் மூச்சிழுத்தனர்.

பூரணி தழும்பை விரலால் சுட்டினாள். அவள் குரல் கரை முழுவதும் கேட்டது.

"இது என்னா பூசாரி? இதவிடப் பெரிய முள்ளு நீங்க குத்திருக்கீங்களா? நீங்க தோலுலதான் குத்துவீங்க. கண்டியில குடல் தெரியக் குத்துனாங்க. அந்த முள்ளு மொதல்ல என் இடுப்புல பூந்துச்சு. பொறகு இவரு வயித்துல வந்து நின்னுச்சு. இன்னும் எடுக்கல. உள்ளதான் இருக்கு. சாவுற வரைக்கும் இருக்கும். ரெண்டு ஒடம்பக் குத்தி ஒரு கயித்துல கட்டின காவடிய இந்தத் தோட்டத்துல யாராவது பாத்திருக்கீங்களா? ஆத்தா கண் முன்னாலதானே எல்லாம் நடந்துச்சு? அங்க வந்து அவதானே பக்கத்துல நின்னா? குத்துப்பட்டவரத் திரும்பக் குத்துன்னு அவ சொல்லுவாளா? சொல்லுங்க!"

முன்னால் நின்ற பெண்கள் தழும்பைப் பார்த்தனர், பிறகு தட்டிலிருந்த முட்களைப் பார்த்தனர்.

சின்னராசா மாஸ்க்குக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டான்: "அப்ப ஒனக்கு ஒன்னும் ஆகாதா புள்ள?"

"ஆகாதுங்க. நான் குடுத்துட்டேன். பாக்கி வெக்கல."

அவன் அவள் கண்களையே பார்த்தான். அத்தனை நாட்களாக அவன் தோள்களில் இறுகி நின்றது எதுவோ, அவிழ்ந்து இறங்குவதுபோல் இருந்தது. அவனுடைய பெரிய உருண்டை முகத்தில் கண்ணீர் வழிந்து மாஸ்க்கை நனைத்தது.

பூசாரி வீரய்யா செல்லசாமியைப் பார்த்தார். செல்லசாமி வானத்தைப் பார்த்தார். பூசாரி முதியவர், அத்தோட்டத்தில் எத்தனையோ முதுகுகளைக் குத்தியவர். அவர் குனிந்து, அத்தழும்பைத் தொடாமல், அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பின்னர்த் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் குத்துற முள்ளு பொழுதுபட எடுத்துருவேன். இது எடுக்க முடியாத முள்ளு" என்றார். "குத்துனது குத்துனதுதான். ஆத்தாவுக்கு அது சேந்திருச்சு."

குலவையைத் தொடங்கியவள் அம்மாக்கண்ணு. அது கரை முழுவதும் பற்றிக்கொண்டது. தப்புக்காரர்கள் குச்சியை உயர்த்தினர். அதற்குள் பூரணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் முடியல! முள்ளு குத்தியாச்சு. இன்னும் பறக்கலியே!"

"எப்படிம்மா பறக்குறது? முள்ளு இல்லாம எதுல தொங்குவான்?" என்றார் செல்லசாமி.

பூரணி அவரைப் பார்க்கவில்லை. அவர் உட்காரக் கரையில் போட்டிருந்த, கை வைத்த நீலப் பிளாஸ்டிக் கதிரையையே பார்த்தாள். செல்லசாமியும் தம் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிற்று.

"ஏய், அது என் கதிர!"

"ஒரு நாளைக்கு நிக்கலாம் தலைவரே. ஒங்களுக்குத்தான் ரெண்டு கிட்னியும் இருக்கே!" என்றாள் அம்மாக்கண்ணு.

கரை வெடித்துச் சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தவர் செல்லசாமியே. விஜிதரன் டிரக்டரிலிருந்து குதித்தான். கொழுந்து மூட்டை கட்டும் கயிற்றால் கதிரையின் நான்கு காலையும் பிணைத்து, அடியில் ஒரு பலகையும் கொடுத்துக் கம்பத்தில் மாட்டினான். தானே முதலில் ஏறியமர்ந்து குலுக்கிப் பார்த்தான். பூரணி கதிரையை வெந்நீர் தொட்டுத் துடைத்தாள். தன் பழைய சேலையை மடித்து அதன்மேல் விரித்தாள். சின்னராசா ஏறி அமர்ந்ததும், தழும்பில் படாதவாறு, இன்னொரு துணியால் அவனை நெஞ்சோடு கதிரையில் சுற்றிக் கட்டினாள்.

"இறுக்கமா இருக்கா?"

"பறக்கத் தயார் புள்ள!"

கம்பம் உயர்ந்தது. டிரக்டர் அசைந்தது. ஆற்றங்கரையும் சனங்களும் கீழே போக, சின்னராசா வேப்பிலைக்கும் மாலைக்கும் நடுவே வானத்தில் ஆடினான். கூட்டத்திற்குள் போகக்கூடாது என்று மருத்துவர் சொன்னாரே, இப்பொழுது அவன் கூட்டத்திற்கு மேலே இருந்தான். எவருடைய மூச்சும் இருமலும் அங்கே எட்டவில்லை. மலைக்காற்று மட்டுமே எட்டியது. அவன் இரு கைகளையும் சிறகு போல் விரித்தான்.

"பூரணீ! இங்கேருந்து கவ்வாத்து மலை தெரியுது! நம்ம லயத்துக் கூரை தெரியுது! நீலப் பிளாஸ்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறதும் தெரியுது!"

"கதிரக் கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காருங்க!" என்று அவள் கீழிருந்து கத்தினாள். குடையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, டிரக்டரின் பக்கமாகவே அவள் நடந்தாள். தேயிலைச் சரிவுகளில் நின்றவர்கள் கையசைத்தனர். தொழிற்சாலை வளைவில் சிங்களக் கடைக்காரர் வெளியே வந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

கோயில் ஏற்றத்தில், தப்பு உச்சத்தில் இருந்த வேளையில், பூரணியின் மடியில் கைத்தொலைபேசி அலறியது. அவள் சட்டென்று நின்றாள்.

"விஜிதரா, நிறுத்து! மாத்திர!"

"இப்பவா அக்கா? ஏத்தத்துலயா?"

"ஏத்தமா இருந்தா என்னா, எறக்கமா இருந்தா என்னா? நிறுத்து!"

டிரக்டர் நின்றது. கரகம் நின்றது. பால்குடங்கள் நின்றன. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் முதுகில் இடித்து, "என்னா, என்னா?" என்று கேட்டனர். "சின்னராசாவுக்கு மாத்திர" என்ற செய்தி ஊர்வலத்தின் கடைசிவரை சென்றது. தப்புக்காரர்களும் கையை நிறுத்தினர். மலை அமைதியாயிற்று. கம்பம் மெல்லத் தாழ்ந்தது. பூரணி டிரக்டரின் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, மாத்திரையை அவன் உள்ளங்கையில் இட்டு, வெந்நீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து கொடுத்தாள். அவன் மாஸ்க்கை இறக்கி, விழுங்கி, போத்தலை நீட்டினான்.

"முழுங்கிட்டேன்."

"வாயத் தொறங்க."

"ஆத்தா மேல சத்தியமா முழுங்கிட்டேன்டி!"

"வாயத் தொறங்க."

வானத்திற்கும் பூமிக்கும் நடுவில், முழுத் தோட்டமும் பார்த்திருக்க, சின்னராசா வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினான். பூரணி எட்டிப் பார்த்தாள், இப்பக்கமும் பார்த்தாள், அப்பக்கமும் பார்த்தாள். பிறகு கீழே இறங்கி, தப்புக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"ம், அடிங்க!"